மச்சான் என்று சொன்னவர்

நன்றாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் பயம். முன்பும் அவர்களைப் பெரிதாகப் பிடித்ததில்லை. அப்போது அது என் குணக்கேடு என்று நானே நினைத்திருந்தேன், இப்போது காரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு நல்ல பேச்சை நம்பித்தான் கப்பலுக்குள் இறங்கினார். அவரை மற்றவர்கள்தான் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் நான் டேலி கிளார்க். கப்பலில் இருந்து என்ன இறங்குகிறது, எந்த லாரியில் ஏறுகிறது என்று பார்த்துக் குறிப்பது வேலை. தூசியும் வெயிலும் பழகிவிட்டன. அத்தனை ஆண்களுக்கு நடுவில் வாயாடியாக இருக்கவும் பழகிக்கொண்டேன், இல்லாவிட்டால் அங்கே பிழைக்க முடியாது. என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில், சரக்கறைக்குள் இறங்கி வேலை செய்யும் கேங்குக்கு மேஸ்திரி. என் தம்பியும் அதே கேங்கில் இருந்தான்.

அதற்கு முன்னால் இரண்டு பேரும் சங்கு குளிக்கப் போனவர்கள். அவர் அடியில் இறங்குவார், தம்பி வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பான். எங்கள் கடற்கரையில் அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டார்கள். கூடப் பிறந்த அண்ணன் தம்பியிடம்கூடக் கொடுப்பதில்லை, பங்காளிக்குச் சொத்தில் ஒரு கண் இருக்கும். பெண்டாட்டியோடு பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். என்ன சண்டை இருந்தாலும் தன் அக்காள் தாலியை அறுக்க அவன் சம்மதிக்க மாட்டான் என்பது கணக்கு. முத்துக் குளித்த காலத்தில் இருந்தே அப்படித்தான் என்பார்கள். முத்து போயிற்று, அந்தக் கணக்கு மட்டும் இருக்கிறது. கல்யாணப் பேச்சு நடக்கும்போதே, பெண்ணுக்கு அண்ணன் தம்பி உண்டா என்று விசாரிக்கிற மாப்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடலில் மூட்டு வலி வந்து, இருவரும் துறைமுகத்து வேலைக்கு மாறினார்கள். வழக்கத்தையும் கூடவே எடுத்து வந்துவிட்டார்கள். கேங் உள்ளே இறங்கினால் சரக்கறையின் வாயில் ஒருவன் நிற்பான். அவனுக்கு வேறு வேலை கிடையாது. கீழே இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று கேட்க வேண்டும். கேங்கில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் மச்சான்தான் என்பதால் அந்த இடத்துக்கு ஆள் கிடைப்பது சிரமமாக இல்லை. எங்கள் கேங்குக்கு என் தம்பி நின்றான்.

அப்போது இருந்த மேனேஜர் நாசரேத் பக்கத்துக்காரர். அவருக்கு நல்ல வார்த்தை ஒன்றுகூட வாயில் வராது. காலையில் பார்த்து வணக்கம் சொன்னால், "என்னளா, லீவு வேணுமா?" என்பார். ஓவர்டைம் கிடையாது என்றால் கிடையாதுதான், மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்ற மழுப்பல் எல்லாம் இல்லை. பச்சை மரம் ஏற்றி வரும் கப்பல் வந்தால் அவருடைய கத்தல் கப்பல் அணையும் வார்ஃப் முழுக்கக் கேட்கும். ஈரமான மரத்தடிகள் மூடின அறைக்குள் கிடந்தால் அங்கே இருக்கும் காற்றைத் தின்றுவிடும். உள்ளே போகிறவனுக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது, அப்படியே விழுந்துவிடுவான். மேலே மூடியைத் திறந்து போட்டாலும் ஏணி இறங்கும் குறுகலான கூண்டுக்குள் கெட்ட காற்று தங்கியே இருக்கும், காற்றை அளக்கும் மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"ஏலே, காத்து நல்லாருக்கான்னு எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. மீட்டர் வார வரைக்கும் ஒருத்தன் கால வச்சான், அவன் காலு இருக்காது" என்பார் அந்த மேனேஜர்.

எங்கள் ஆட்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. அவர் ஓய்வு பெற்றுப் போன அன்று கேங்கில் பிரியாணி போட்டார்கள். அது அவருக்கு மரியாதை செய்யவா, தொலைந்தார் என்ற சந்தோஷத்திலா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். பிரியாணி பிரியாணிதானே என்றார்.

புதியவர் சென்னையில் இருந்து வந்தார். வந்த வாரத்திலேயே எல்லோருடைய பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. யாருக்கு எந்தப் பரீட்சை, யார் வீட்டு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நிறுத்தி விசாரிப்பார். மதியம் ஆட்கள் சாப்பிடும் இடத்துக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, அவர்கள் வாளியில் இருந்து மீன்குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார். பேன்ட்டில் சிமென்ட் தூசி படிவதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். தினமும் காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் குரலில் ஒரு செய்தி வரும். நாம் எல்லாரும் ஒரு குடும்பம், பத்திரமா வேலை பாருங்க, வீட்ல காத்திருக்காங்க என்று ஒரு சிரிப்போடு முடியும். எங்கள் ஆட்கள் அதை வீட்டில் போட்டுக் காட்டுவார்கள். ஏலே என்று கூப்பிட்டே பழகின காதுகளுக்கு அது தேன்தான், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நான் ஒரு காலை ஏதோ கையெழுத்துக்காக அவர் அறைக்குப் போனேன். போனை வாய்க்கு நேராகப் பிடித்து அன்றைய செய்தியைப் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்துப் போட்டுக் கேட்டார், சிரிப்பு சரியாக வரவில்லை போலிருக்கிறது, அழித்துவிட்டு மறுபடியும் பேசினார். மறுபடியும் அழித்தார். என்னைப் பார்த்ததும் கூச்சமே இல்லாமல், "மனசுல இருந்து வரணும் இல்லையா மேடம்" என்றார்.

வீட்டுக்கு வந்து இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒனக்கு நல்லாப் பேசுற ஆம்பிளை எவனையும் பிடிக்காதுளா. அதாம்ளா என்னக் கட்டிக்கிட்ட" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நமக்காவத்தான அழிச்சு அழிச்சுப் பேசுதாரு? முந்தின ஆளு நமக்காவ வாயவாது கழுவுனானா?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

கயிறு பிடிக்கும் கதையைப் புது மேனேஜருக்கு யாரோ சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் மறக்கவில்லை. கொஞ்ச நாளில் கேங்குகளை எல்லாம் வார்ஃபில் கூட்டி நிறுத்தினார். கப்பல்கள் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று மேலிடத்தில் நெருக்குகிறார்கள், ஒவ்வொரு அறை வாயிலிலும் ஒரு ஆள் சும்மா நிற்பதை அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அந்த ஆளைக் கீழே வார்ஃபில் கொக்கி மாட்டும் வேலைக்கு அனுப்ப வேண்டும் என்றார். ஆட்கள் முணுமுணுத்தார்கள். அவர் கையை உயர்த்தினார்.

"உங்க வழக்கம் எனக்குத் தெரியும். கயிறை மச்சான் கையிலதான் கொடுப்பீங்க. அந்தக் கயிறை என்கிட்ட கொடுங்க. இனிமே உங்க எல்லாருக்கும் நான்தான் மச்சான். வாக்கி டாக்கி எப்பவும் என் கையில இருக்கும். நீங்க கேளுங்க, நான் பார்த்துச் சொல்றேன். என் வார்த்தை இல்லாம ஒருத்தரும் இறங்க வேண்டாம்."

யூனியன்காரன் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள். சாமியார் வந்து கேட்டிருந்தாலும் யோசித்திருப்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் மச்சான் என்ற வார்த்தையை ஒருவன் தானாக வந்து சொன்னால், சொன்னவனைச் சந்தேகப்படுவது அவமரியாதை. சம்பந்தம் பேசி முடிக்கிற மாதிரி கேங் ஆட்கள் மறுநாள் ஆத்தூர் வெற்றிலையும் பாக்கும் தட்டில் வைத்து அவரிடம் கொடுத்தார்கள். என் தம்பிதான் தட்டை நீட்டினான், அதுவரை வாயிலில் நின்றவன் அவன் என்பதால். மேனேஜர் அதை வாங்கிக்கொண்டு, எல்லோரையும் பக்கத்தில் இழுத்து நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் கம்பெனியின் இணையப் பக்கத்தில் எல்லாம் வந்தது. வெற்றிலை அவர் மேஜையில் வாடிக் கிடந்ததை நான் பார்த்தேன். சென்னைக்காரருக்கு வெற்றிலை போடும் பழக்கம் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் தம்பியைக் கிண்டல் செய்தார்.

"ஒன் வேலையப் பிடுங்கிட்டாருல. இனிமே அவருதான் எனக்கு மச்சான்."

"அப்ப அவரு தங்கச்சியவும் கட்டிருங்க" என்றான் தம்பி.

"இருக்கது ஒரு தங்கச்சின்னா எத்தன பேருக்குல கட்டிக் குடுப்பாரு?"

மூன்று பேரும் சிரித்தோம். கயிறு பிடிப்பவனுக்கு இழக்க ஒன்று இருக்க வேண்டும், அதனால்தான் மச்சானிடம் கொடுக்கிறார்கள். அந்த மனிதருக்கு எங்களிடம் இழக்க என்ன இருந்தது? கேலியாக அதைத் தொட்டுவிட்டு அப்படியே கடந்துபோனோம்.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. வாக்கியில் கேட்டால் உடனே பதில் சொன்னார். சில நாள் கப்பலுக்கே வந்து மீட்டரை எட்டிப் பார்த்தார். நாளாக ஆக, பதில் மட்டும் வந்தது, ஆள் வரவில்லை. பதிலில் அன்புக்குக் குறைவில்லை.

பச்சை மரம் ஏற்றின கப்பல் வந்த அந்தக் காலையில் மீட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. அது மேனேஜருக்குத் தெரியும், அனுப்பினதே அவர்தான். ஏஜென்டுகளோடு அவர் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தார். நான் வார்ஃபில் லாரிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன், என் கையிலும் ஒரு வாக்கி இருந்தது. என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

"சார், ரெண்டாம் ரூம் ஏணி. மீட்டர் இன்னும் வரல்ல. எறங்கலாமா?"

பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. பிறகு அந்தக் குரல், காலைச் செய்தியில் வருகிற அதே சிரிப்போடு வந்தது.

"இறங்குங்க, இறங்குங்க. நான் இருக்கேன்ல? ஒண்ணும் ஆகாது."

பின்னால் யாரோ பேசிக்கொண்டிருந்த சத்தமும் அதில் கேட்டது. என் வீட்டுக்காரர் "சரி சார்" என்றார். நான் காதால் கேட்ட அவருடைய கடைசி வார்த்தை அதுதான், அதுவும் என்னிடம் சொன்னதில்லை.

மேஸ்திரி என்பதால் முதலில் அவர் இறங்கினார். பின்னால் இறங்கினவனுக்கு ஏணிப் பாதியில் தலை சுற்றியிருக்கிறது, எப்படியோ மேலே ஏறி வந்து விழுந்துவிட்டான். வாயிலில் ஆள் நின்றிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். நிற்க ஆள் இல்லை. அவன் தெளிந்து வாய் திறந்து சொல்வதற்குள் நேரம் போய்விட்டது. கீழே வார்ஃபில் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த என் தம்பி கப்பல் ஏணியில் ஏறி ஓடினான். கூண்டுக்குள் இறங்கப் போனவனை நாலு பேர் பிடித்து அமுக்கிக்கொண்டார்கள். அவனும் போயிருந்தால் இரண்டு பிணம் விழுந்திருக்கும், அவர்கள் செய்தது சரிதான். ஆனால் அவன் அவர்களைக் கடித்த கடியின் தழும்பு ஒருவர் கையில் இன்னும் இருக்கிறது. முகமூடி மாட்டினவர்கள் வந்து அவரைத் தூக்கி வந்தார்கள். அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. தூங்குகிறவர் போலத்தான் இருந்தார், அதனால் அவர் போய்விட்டார் என்று நம்பவே எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

மேனேஜர் வீட்டுக்கு வந்தார். என் தம்பியைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அது நடிப்பு என்று சொன்னால் எனக்குச் சுலபமாக இருக்கும். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், நிஜமாகவே அழுதார். அந்த மனிதர் எங்களிடம் சொன்ன எதையும் பொய் என்று நினைத்துச் சொன்னவர் இல்லை. சொல்கிற நேரத்தில் எல்லாம் அவருக்கு உண்மைதான். சொல்லி முடித்ததும் அது அவர் கையைவிட்டுப் போய்விடும், அதன் பிறகு அதைச் சுமக்க வேண்டியவன் கேட்டவன்தான்.

அடக்கம் முடிந்ததும் குரூப்பில் அவர் குரல் வந்தது. நம் அண்ணன் கடமையில் அவசரப்பட்டுவிட்டார், வேலை மேல் இருந்த ஆர்வத்தில் மீட்டருக்குக் காத்திருக்கவில்லை, அவர் தியாகத்தை நாம் ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம் என்று. முடிவில் சிரிப்பு இருந்த இடத்தில் இந்த முறை ஒரு விம்மல் இருந்தது. அதை எத்தனை முறை அழித்து அழித்துப் பேசினாரோ. கேட்டதும் போனைச் சுவரில் எறிந்தேன். என் புருஷன் அவசரக்காரர் இல்லை. கேட்டுவிட்டு இறங்கினவர். வாக்கி வைத்திருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். விசாரணைக்கு வந்தவர்களிடம் நானும் தம்பியும் அதையே சொன்னோம். அவர்கள் தலையாட்டினார்கள். ஆபீஸ் காகிதத்தில் கடைசி வரை அவர் அவசரப்பட்டவராகவே இருக்கிறார்.

பழைய மேனேஜரும் வந்தார். வயதாகி, கம்பு ஊன்றி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றவே நேரம் எடுத்தது. வந்து உட்கார்ந்தவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"நான் இருந்தா இது நடந்திருக்காதுன்னு சொல்ல மாட்டேம்மா. கப்பல்ல என்னவும் நடக்கும்" என்றார். "ஆனா மீட்டர் இல்லாம எறங்குன்னு சொன்னவன் மேலதான் தப்பு. அத எங்கன வந்து சொல்லச் சொன்னாலும் வந்து சொல்லுதேன்."

அன்றுதான் நான் சத்தம் போட்டு அழுதேன்.

வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் வசதி இல்லாததால் வேலைக்குத் திரும்பினேன். அடுத்து மரம் ஏற்றின கப்பல் வந்தபோது கேங் இறங்க மறுத்துவிட்டது. சரக்கறை வாயிலைச் சுற்றி நின்றார்கள், அவ்வளவுதான். கோஷம் போடவில்லை, யாரும் கத்தவும் இல்லை. கணக்குப் பார்க்க நானும் அன்று கப்பலின் மேல்தளத்தில் இருந்தேன். மேனேஜர் வந்தார். மீட்டர் வந்துவிட்டது, கப்பல் ஆபீசரே உள்ளே விட்டுப் பார்த்துவிட்டார், காற்று நன்றாக இருக்கிறது என்றார். ஒருவரும் அசையவில்லை. காற்று உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர் வாயால் வந்ததால் அதுவும் கெட்டுப்போயிற்று.

அவருக்கு முகம் சிவந்தது. "சரி, நானே முதல்ல இறங்கறேன். அப்புறமாவது நம்புவீங்களா?" என்றார். பெல்ட்டை இடுப்பிலும் தோளிலும் மாட்டிக்கொண்டார். அதில் நீளமான கயிறு இருந்தது. கூண்டின் ஓரத்தில் நின்று, "யாராவது வந்து பிடிங்க" என்று திரும்பினார்.

யாரும் போகவில்லை. ஆட்கள் அவரையும் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார்கள். எனக்கே பார்க்கச் சகிக்காத அளவுக்கு அது நீண்டது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் தம்பி முன்னால் வந்தான். கயிற்றை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்தான். சங்கு குளிக்கிற வள்ளத்தில் நிற்கிற மாதிரியே காலை அகட்டி நின்றான்.

மேனேஜர் ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கயிறு யார் கையில் இருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தார். காலை எடுத்துவிட்டார். சட்டைப் பையில் இருந்து போனை எடுத்து, மேலிடத்தில் இருந்து அழைப்பு வருகிறது என்றார். போன் அடித்ததை நான் கேட்கவில்லை. பெல்ட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பேசிக்கொண்டே கப்பல் ஏணியில் இறங்கிப் போனார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வாயிலுக்கும் மறுபடியும் ஆள் போட்டார்கள். யாரும் அறிவித்துச் சொல்லவில்லை, எங்கள் ஆட்களே நின்றுகொண்டார்கள். அவர் சில மாதத்தில் வேறு துறைமுகத்துக்குப் பெரிய பதவியில் போனார். போகிற அன்றும் குரலில் ஒரு செய்தி அனுப்பினார் என்றார்கள். நான் குரூப்பை விட்டு எப்போதோ வெளியேறியிருந்தேன்.

அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போன அன்று வேலை முடிந்து துறைமுக கேட்டை நோக்கி நானும் தம்பியும் நடந்து வந்தோம். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அவனாகவே சொன்னான்.

"யக்கா, அவரு எறங்கியிருந்தா நான் விட்டுருக்க மாட்டேன். கயித்தப் பிடிச்சிட்டு எப்படிக்கா விடுவேன்? அது அவருக்குத் தெரியல்ல பாரு."

கயிற்றை அவன் கையில் எடுத்த அந்த நிமிஷம் அவன் அதை விடுவான் என்றுதான் நானும் நினைத்தேன். விடட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டும் இருந்தேன்.